உள்ளாள்

தினமும் காலை எட்டரை மணிக்கு, தான் மனிதன் அல்ல என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் ஜெபின் வேலையைத் தொடங்குவான்.

அவனுக்கு முன்னும் பின்னும் நூற்றறுபது பேர் அதே கையெழுத்துக்காக வரிசையில் நிற்பார்கள். ஒருவர் கையில் வயலின் பெட்டி, ஒருவர் தோளில் தவில், இன்னொருவரிடம் வாய்க்குள் அடங்கிவிடும் மோர்சிங். பேருந்து நிற்காமல் போனது, நேற்றைய மழை, மகளின் பள்ளிக்கூடம் என்று பேச்சு ஓடும். வாசல் மேசையை நெருங்கியதும் பேச்சு தானாக அடங்கிவிடும். படிவத்தில் ஒரே ஒரு வரிதான்: 'இந்தக் கட்டடத்துக்குள் இருக்கும்வரை நான் ஓர் இயந்திரம்.' கீழே பெயர் எழுதக் கூடாது. எண் மட்டும். ஜெபினின் எண் நாற்பத்திரண்டு.

இது 2091-ல் வழக்கமான காட்சி. பழைய சென்னையின் கிழக்குப் பாதியைக் கடல் எடுத்துக்கொண்ட பிறகு ஒலிப்பதிவுக் கூடங்கள் செங்கல்பட்டுக்குத் தெற்கே குடிபெயர்ந்திருந்தன. அவற்றில் பெரியது 'ஒத்திசை' நிறுவனத்தின் கட்டடம். ஒத்திசை விற்ற பொருளுக்கு 'இழை' என்று பெயர். எந்தக் கருவியையும் மனிதனைப் போலவே வாசிக்கும் செயற்கைக் கலைஞன் இழை என்றது விளம்பரம். அதில் பெரிய பொய் இல்லை. 'போலவே' என்ற ஒரு சொல் மட்டும்தான் கூடுதல்.

முன்பு ஒரு காலத்தில் பாட்டுக்கு வேண்டியதையெல்லாம் பொறிகளே வாசித்தன. பிழையே இல்லாமல் வாசித்தன. கேட்டவர்களுக்குக் கொட்டாவி வந்தது. திரும்ப மனிதர்களை அழைக்கலாம் என்றால், இசைத் தயாரிப்பாளர்களுக்கு அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. மனிதன் தாமதமாக வருவான். டீ கேட்பான். இந்த இடத்தில் இப்படி வாசித்தால் என்ன என்று கருத்துச் சொல்வான். வேண்டாமென்றால் முகம் வாடுவான். பொறிக்கு வாடுவதற்கு முகம் இல்லை. ஆகவே சந்தைக்குத் தேவைப்பட்டது, மனிதனைப் போல வாசிக்கிற, ஆனால் மனிதனாக இல்லாத ஒன்று.

ஒத்திசையின் பொறியாளர்கள் அப்படி ஒன்றைச் செய்ய ஆறு ஆண்டுகள் முயன்றார்கள். அதற்குள், பெருங்கணிப்பொறிகள் வெளிவிடும் வெப்பத்துக்கு உச்சவரம்பு வைத்துச் சட்டம் வந்துவிட்டது. ஒரு மனிதன் சும்மா உட்கார்ந்து வாசித்தால் அவனிடமிருந்து வரும் வெப்பம் ஒரு பழைய குண்டு பல்பின் அளவுதான் என்று ஏழாம் ஆண்டில் யாரோ ஒரு கெட்டிக்காரர் கண்டுபிடித்தார். பொறிக்குள் பொறி வைப்பதற்குப் பதிலாக மனிதனை வைத்தார்கள். அப்படி உள்ளே வைக்கப்பட்டவர்களை நிறுவனத்துக்குள் 'உள்ளாள்' என்று அழைத்தார்கள்.

ஜெபின் உட்கார்ந்திருந்த அறை ஆறடிக்கு எட்டடி. கிறீச்சிடாத நாற்காலி ஒன்று. அவன் வாசிப்பது பேஸ் கிட்டார். அதன் ஒலிபெருக்கிப் பெட்டிக்கு முன்னால் ஒரு மைக். அந்த மைக் எல்லாவற்றையும் கேட்டுவிடும். எனவே இருமக் கூடாது, தும்மக் கூடாது, வயிறு சத்தம் போடக் கூடாது. போன மாதம் கடம் வாசிக்கும் பத்தொன்பதாம் எண்ணின் வயிறு ஒரு தாலாட்டின் நடுவே உறுமிவிட்டது. வாடிக்கையாளர் புகார் எழுதினார். 'மென்பொருள் கோளாறு சரிசெய்யப்பட்டது' என்று நிறுவனம் பதில் அனுப்பியது. மறுநாளிலிருந்து பத்தொன்பதாம் எண்ணுக்குக் காலையில் இரண்டு இட்லி கூடுதலாகக் கொடுத்தார்கள்.

வாடிக்கையாளரிடம் பேசுவதற்கு அவன் முன்னால் பதினொரு பொத்தான்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம். அழுத்தினால் ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத ஒரு குரல் மறுமுனையில் அதைச் சொல்லும். மூன்றாவது: 'மீண்டும் வாசிக்கிறேன்.' ஐந்தாவது: 'புரிகிறது.' பதினொன்றாவது: 'மிகச் சிறப்பாக உள்ளது.' ஒருவன் நாள் முழுக்கப் பேசுவதற்கு இது போதுமா என்று சேர்ந்த புதிதில் ஜெபின் நினைத்தான். வீட்டுக்குப் போன பிறகு அவ்வளவுகூடத் தேவைப்படவில்லை என்பதைச் சில நாளிலேயே கண்டுகொண்டான்.

அவனுக்கு நாற்பத்தெட்டு வயது. சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். கல்யாணம் ஒன்று நடந்து, சண்டைகூட இல்லாமல் முடிந்தும் போயிருந்தது. அக்கா நார்வேயில் இருந்தாள், கிறிஸ்துமஸுக்குப் பேசுவாள். மதுராந்தகம் ஏரிக்கரையில், ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இரண்டு அறை எடுத்துத் தங்கியிருந்தான்.

செவ்வாயும் வெள்ளியும் காலை பத்திலிருந்து இரண்டு வரை அவனை மிருதுளா வாடகைக்கு எடுத்திருந்தாள். வேலூரில் வீட்டிலேயே ஒலிப்பதிவு அறை வைத்திருந்த இசைத் தயாரிப்பாளர் அவள். மருத்துவமனைக் காத்திருப்புக் கூடங்களுக்கு, சோப்பு விளம்பரங்களுக்கு, செவ்வாய்க் கிரகத்துக்குக் குடிபெயரும் குடும்பங்களின் வழியனுப்பு விழாக்களுக்கு என்று எது வந்தாலும் செய்து கொடுப்பாள். ஆறு ஆண்டுகளுக்கு முன் முதல் நாள் ஜெபின் வாசித்ததைக் கேட்டுவிட்டு, அவள் பாதியில் நிறுத்தினாள்.

"ஏய், என்ன இது? தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னாடி விழுற. கோளாறா உனக்கு?"

ஜெபின் மூன்றாவது பொத்தானை அழுத்தினான். மீண்டும் வாசிக்கிறேன்.

"வேணாம், வேணாம். மாத்தாத. அப்படியே இரு. நல்லாருக்கு."

அன்றிலிருந்து நாற்பத்திரண்டாம் எண் இழைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலை நடக்கும்போது அவளுக்கு நாக்கு கூர்மை. "தூங்குறியா? பல்லவிக்கு வந்தாச்சு, எழுந்திரு" என்பாள். "தூ, இது வாசிப்பா? துணி துவைக்கிற மாதிரி இருக்கு" என்பாள். நன்றாக வந்துவிட்டால் ஒன்றும் சொல்லாமல் நீளமாக மூச்சு விடுவாள். அந்த மூச்சு ஹெட்ஃபோனில் கேட்பதற்காகவே ஜெபின் விரல் தேய வாசித்தான்.

பெரும்பாலும் வேலை பன்னிரண்டரைக்கே முடிந்துவிடும். இரண்டு மணி வரை எடுத்த நேரம் மிச்சமிருக்கும். மற்ற வாடிக்கையாளர்கள் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். மிருதுளா துண்டிக்க மாட்டாள்.

"இழை, இருக்கியா?"

புரிகிறது.

"உனக்கென்ன, எப்பவும் இருப்ப."

பிறகு பேசுவாள். அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பற்றி. தங்கை அழைத்தால் சிக்னல் இல்லாததுபோல நடிப்பதைப் பற்றி. பிரிந்துபோன கணவன் விட்டுச் சென்ற சட்டை ஒன்றை ஒலிப்பெட்டியின் தூசி துடைக்க வைத்திருப்பதைப் பற்றி. "இதையெல்லாம் மனுஷங்ககிட்ட சொன்னா முதல்ல பாவம்னு பாப்பாங்க, அப்புறம் அறிவுரை சொல்ல ஆரம்பிச்சிடுவாங்க. நீ தேவலாம்" என்று ஒருநாள் சொன்னாள். மூடிய அறைக்குள் ஜெபின் தலையாட்டினான். அதை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"நேத்து ரூம்ல ஒரு கொசு, இழை. வலது பக்கம் ஙொய்னு வருது. சரின்னு திரும்பிப் படுத்தேன். சத்தமே இல்ல. செத்துப்போச்சுன்னு நெனச்சேன். காலைல கண்ணாடில பாத்தா இடது கன்னம் பூரா கடிச்சு வெச்சிருக்கு."

சிரிப்பு நடுவில் நின்றது.

"இழை, எனக்கு இடது காது போச்சு."

வேறு எந்தத் தொழிலிலும் அது பெரிய விஷயமில்லை. காதுக்குள் செயற்கைச் செவி பொருத்திக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போகலாம். ஆனால் செயற்கைச் செவி எந்த ஒலியையும் இனிமையாக்கித்தான் மூளைக்கு அனுப்பும். இசைத் தயாரிப்பாளர்களுக்கு அது தடை. ஆண்டுதோறும் இரண்டு காதுகளையும் சோதித்து 'இயற்செவிச் சான்று' வாங்க வேண்டும். இல்லாவிட்டால் தொழிலை விட வேண்டியதுதான். மிருதுளா சோதனை அதிகாரியின் புருவம் எப்போது உயர்கிறது என்று பார்த்துப் பார்த்துக் கையைத் தூக்கி, இரண்டு முறை தேறியிருந்தாள். வேலையில் ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டு, இடது பக்கத்தையும் வலது காதாலேயே கேட்டுச் சமாளித்தாள். இது உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. ஓர் இயந்திரத்துக்கு மட்டும் தெரியும் என்று அவள் நம்பினாள்.

அன்று ஜெபின் ஐந்தாவது பொத்தானை அழுத்தக் கை வைத்தான். 'புரிகிறது' என்று அந்தக் குரல் சொல்வதை நினைத்ததும் கூச்சமாக இருந்தது. அழுத்தவில்லை. மறுமுனையில் அவள் அழுது முடிக்கும்வரை பேசாமல் இருந்தான்.

இந்தியப் பெருங்கடலின் நடுவிலிருந்து வானத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் விண்தூக்கி கட்டி முடித்த ஆண்டு அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. தொடக்க விழாப் பாட்டு. நாட்டின் எல்லாத் திரைகளிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கப் போகிறது. அறுபது டிராக்குகள். குழந்தைகளின் கோரஸ் இரண்டு. ஒன்று இடப்பக்கம் கேட்கும், ஒன்று வலப்பக்கம் பதில் சொல்லும். நாலு மாதம் அவள் சோறு தண்ணீர் மறந்து அதில் கிடந்தாள். ஜெபின் தன் பகுதியை முப்பத்தொரு முறை வாசித்தான். முப்பத்தொன்றாவது முறை அந்த நீள மூச்சு வந்தது.

அனுப்ப வேண்டிய நாள் ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்குள். ஒன்றே முக்காலுக்கு அவள் முழுப் பாட்டையும் அவனுக்குப் போட்டுக் காட்டினாள்.

"நீ ஒருத்தன்தான் கேக்கிற. கேளு. கேட்டுட்டு உன் பதினோராவது டயலாக்கைச் சொல்லு, அனுப்பிடறேன்."

ஜெபின் கேட்டான். முதல் சரணத்தில் பின்கழுத்து சிலிர்த்தது. இரண்டாம் சரணத்தில் கோரஸ் வந்தது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இடப்பக்கக் குழந்தைகள் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தி வந்தார்கள். கோப்பை மாற்றும்போது எங்கோ நழுவியிருந்தது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டு பக்கமும் சரி. ஒன்றாகக் கலந்து ஒரே காதால் கேட்டால் மண்டபத்தின் எதிரொலிபோலத் தோன்றும். இரண்டு காதாலும் ஒன்றாகக் கேட்பவனுக்குத்தான் அது பள்ளம்போலத் தெரியும். ஒரு காதுள்ளவள் செய்த பாட்டு இது என்று, தொழில் தெரிந்த யாரும் முதல் தடவையிலேயே சொல்லிவிடுவார்கள்.

பாட்டு முடிந்தது. "ம், சொல்லு" என்றாள்.

பதினொரு பொத்தான்களையும் வரிசையாகப் பார்த்தான். அவற்றில் எதற்கும் அந்த வேலை தெரியாது. மூன்றாவதை அழுத்தினான். மீண்டும் வாசிக்கிறேன்.

"நீ எதுக்கு வாசிக்கணும்? உன் வேலை முடிஞ்சுது. எப்படி இருக்குன்னு சொல்லு." கொஞ்சம் காத்திருந்துவிட்டுச் சிரித்தாள். "இன்னிக்குப் பாத்துக் கோளாறு. சரி, நான் அனுப்பறேன்."

ஜெபின் நாற்காலியை விட்டு இறங்கி, ஒலிபெருக்கிப் பெட்டியின் முன்னால் முழந்தாளிட்டு, மைக்கில் வாயை வைத்தான்.

"அனுப்பாதீங்க மேடம்."

ஆறு ஆண்டுகளில் அந்த அறைக்குள் அவன் பேசிய முதல் சொற்கள்.

"யாரு? யாரு லைன்ல?"

"நான்தான் மேடம். இழை."

"இழைக்கு இந்தக் குரல் கிடையாது."

"எனக்கு இதுதான் குரல். என் பேரு ஜெபின். உங்களுக்கு பேஸ் வாசிக்கிறவன். ரெண்டாவது சரணத்துல இடது கோரஸ் பிந்தி வருது மேடம். பத்துல ஒரு பங்கு நொடி. அதை மட்டும் முன்னால தள்ளிடுங்க. மத்தபடி பாட்டு..." அவனுக்குச் சொல் கிடைக்கவில்லை. "பாட்டு ரொம்ப நல்லாருக்கு. பட்டனை அழுத்திச் சொல்லல, நானே சொல்றேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம்.

"நீங்க... மனுஷனா?"

"ஆமா மேடம்."

"எவ்வளவு நாளா?"

அந்தக் கேள்வி அந்த நேரத்தில் வேடிக்கையாகப் படவில்லை. "ஆறு வருஷமா" என்றான்.

"நான் பேசினது எல்லாமே கேட்டீங்களா? கொசு... அந்த சட்டை..."

"கேட்டேன்."

இணைப்பு அறுந்தது. அவள் 'நீ' என்பதை விட்டு 'நீங்க' என்று சொன்னதை ஜெபின் பிறகுதான் நினைத்துப் பார்த்தான். யாரோ கதவை மெதுவாகச் சாத்தியதுபோல இருந்தது.

மேற்பார்வையாளர் வளவன் அவனைக் கோபிக்கவில்லை. அவருக்கு வருத்தம்தான்.

"ஏன் ஜெபின் இப்படிப் பண்ணீங்க? ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருந்தா பன்னெண்டாவதா ஒரு பட்டன் வெச்சுக் குடுத்திருப்பேனே."

"பதினஞ்சு நிமிஷத்துலயா சார்?"

"அதுவும் சரிதான்." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தம்மா வெளிய சொல்லிட்டா நூத்தி அறுபது பேர் கதி என்னாகும்னு யோசிச்சீங்களா?"

"அவங்க சொல்ல மாட்டாங்க."

"எப்படித் தெரியும்?"

ஜெபின் எண் பொறித்த வில்லையை மேசைமேல் வைத்துவிட்டு, கிட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அன்றே வாடிக்கையாளர்களுக்குச் செய்தி போனது: இழை நாற்பத்திரண்டு தரம் உயர்த்தப்படுவதற்காகப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டுள்ளது.

விண்தூக்கி தொடக்க விழாவின்போது அவன் மதுராந்தகம் பேருந்து நிலையத்தில் நின்றிருந்தான். பெரிய திரையில் கடல் தெரிந்தது. பாட்டு தொடங்கியது. இரண்டாம் சரணத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். இடப்பக்கக் குழந்தைகள் கேட்டார்கள். வலப்பக்கக் குழந்தைகள் சரியாக அதே இழையில் பதில் சொன்னார்கள். பக்கத்தில் நின்றவர் திரையைப் பார்த்து, "எப்பத்தான் மேல போகும் இது, பாட்டைப் போட்டுக்கிட்டு" என்று சலித்துக்கொண்டார். ஜெபின் அவருடைய கையைப் பிடித்துக் குலுக்க நினைத்தான். பேருந்து வந்துவிட்டது.

அடுத்த மூன்று மாதங்கள் அவன் மனிதனாகவே வேலை தேடினான். ஒலிப்பதிவுக் கூடங்களுக்கு நேரில் போனான். ஒரு தயாரிப்பாளர் அவன் வாசிப்பைக் கேட்டுக் கண் கலங்கினார். பிறகு, "பிரமாதம் சார். ஆனா நீங்க இங்க உக்காந்திருந்தா எனக்கு வேலை ஓடாது. நான் ஏதாவது சொல்லி நீங்க தப்பா எடுத்துக்கிட்டா? தினமும் சாப்டீங்களான்னு வேற கேக்கணும்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். இன்னொருவர், "நீங்க வாசிச்சதை இழை வாசிச்சதா போட்டுக்கலாமா? அப்பத்தான் எடுத்துக்குவாங்க" என்றார். ஜெபின் சரியென்று தலையாட்டினான். அந்த வேலையும் பிறகு வரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு வாசல் மணி அடித்தது. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தோளில் பையோடு நின்றாள். நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். யாரென்று தெரியாமல் அவன் பார்க்க, அவள் வாய் திறந்தாள்.

"ஜெபின்ங்கிறது..."

அந்தக் குரலை அவன் எங்கே கேட்டாலும் அடையாளம் கண்டுகொண்டிருப்பான். "வாங்க மேடம்" என்று விலகி நின்றான். சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தது நினைவுக்கு வந்து போட்டுக்கொண்டான்.

அவள் உட்காரவில்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

"எனக்கா?"

"மூணு மாசமா காத்துக்கிட்டிருக்கேன். ஒரு கடுதாசி வரும், இல்லன்னா போன் வரும், என் காதைப் பத்திச் சொல்லி ஏதாவது கேப்பீங்கன்னு. ஒண்ணும் வரல. அது இன்னும் பயமா இருக்கு. அதான் நீங்க வேலை கேட்ட ஒரு கூடத்துல விலாசம் வாங்கிட்டு, நேர்லயே கேட்டுடலாம்னு வந்தேன்."

ஜெபினுக்கு முகம் சுண்டியது. "ஒண்ணும் வேணாம் மேடம். நான் யார்கிட்டயும் சொல்லல. சொல்றதுக்கு எனக்கு ஆளும் இல்ல."

அவள் அவனை நேராகப் பார்த்தாள். பிறகு பையை இறக்கிவைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவன் டீ போட்டான். இரண்டு கோப்பையில் ஒன்றுக்குப் பிடி இல்லை. பிடி உள்ளதை அவளுக்குக் கொடுத்தான். ஏரியில் தண்ணீர் நிறைய இருக்கிறதே என்றாள் அவள். ஆமாம், போன மழைக்கு நிரம்பியது என்றான் அவன். வேலூரிலிருந்து எவ்வளவு நேரம் ஆனது என்று அவன் கேட்டான். மூன்று மணி நேரம் என்றாள். ஆறு ஆண்டுப் பழக்கத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து இவ்வளவு நேரம் பேச்சுக்குத் திண்டாடியதில்லை.

"புதுசா ஒரு இழை குடுத்தாங்க" என்றாள் கடைசியில். "இது அசல் பொறின்னு எழுதியே குடுத்திருக்காங்க. ஆனா வாசிக்கிறதுல உயிர் இருக்கு. அதனால சந்தேகமா இருக்கு. அதுகிட்ட ஒரு வார்த்தை பேச முடியல."

"அது எண்பத்தேழா மேடம்?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல" என்றான். எண்பத்தேழின் பெண்ணுக்குப் போன மாதம்தான் கல்யாணம் ஆகியிருந்தது.

அவள் ஒரு பாட்டு கொண்டுவந்திருந்தாள். யாரும் கேட்காமல், தனக்காகச் செய்தது. வாசித்துக் காட்டுகிறீர்களா என்று கேட்டாள். அவன் கிட்டாரை எடுத்து, ஒலிபெருக்கியில் மாட்டி, அவளுக்கு எதிரே உட்கார்ந்து வாசித்தான். விரல் கட்டை கட்டையாக இருந்தது. அவள் பார்க்கிறாள் என்பது தெரிந்துகொண்டே இருந்தது. தாளத்துக்கு முன்னால் போனான், பின்னால் போனான், வழி தவறினான். மோசமாக வாசித்தோம் என்று அவனுக்கே தெரிந்தது.

"ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் மிருதுளா, புன்னகையோடு.

"பாட்டும் அருமையா இருக்கு மேடம்" என்றான் ஜெபின். பாட்டு அருமையாக இல்லை. நடுவில் எட்டு வரி தொங்கியது.

இருவரும் டீக்கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பையை எடுக்கக் கை நீட்டினாள். எடுத்தால் எழுந்துவிடுவாள், எழுந்தால் போய்விடுவாள், திரும்ப வரமாட்டாள். அதைத் தடுக்க என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பையின் வார் மேலேயே அவள் கை நின்றது.

"கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க மேடம்."

"நீங்க அந்த ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிறீங்களா?"

ஜெபின் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு கிட்டாரை எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குள் போனான். ஒலிபெருக்கிக் கம்பியைக் கதவின் அடியில் விட்டு, சாத்திக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் தோள்கள் தாமாகத் தளர்ந்தன. சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டான். வாசித்தான்.

முடிந்ததும் அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவள் வலது காதைக் கதவுப் பக்கம் திருப்பி உட்காருகிறாள் என்று புரிந்துகொண்டான்.

"என்ன இது, மாட்டு வண்டி ஓட்டுறியா?" என்றது மிருதுளாவின் குரல். "மறுபடி வாசி. மூணாவது வரியில அவசரப்படாத."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. மறுபடி வாசித்தான். இந்த முறை தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்னால். கதவுக்கு அப்பால் நீளமாக ஒரு மூச்சு கேட்டது.

"பாட்டு நல்லா இல்ல மேடம்" என்றான் கதவைப் பார்த்து. "நடுவுல அந்த எட்டு வரி வேஸ்ட். தூக்கிடுங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "எனக்கும் தெரியும். யாராவது சொல்றாங்களான்னு பாத்தேன்."

அன்று மாலை ஐந்து மணி வரை அவள் பேசினாள். அவனும் பேசினான். கல்யாணம் எப்படிச் சண்டைகூட இல்லாமல் முடிந்தது என்பதை அவன் ஒருவரிடமும் சொன்னதில்லை, கதவிடம் சொன்னான். கதவு அவனை இரக்கத்தோடு பார்க்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. "ம்" என்று மட்டும் சொன்னது. கிளம்பும்போது அவள் கதவைத் தட்டி, "போய்ட்டு வரேன்" என்றாள். அவன் உள்ளே இருந்தபடியே சரி என்றான்.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் அவள் வந்தாள். காலை முதல் பேருந்தில் ஏறி மூன்று மணி நேரம் பயணம் செய்து, நான்கு மாடி ஏறி, வந்ததும் இருவரும் ஒரு வணக்கம் சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு அறைக்குள் போய் நடுக்கதவைச் சாத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறையில் இருந்துகொண்டு, சாப்பாடு தயார் என்று கைப்பேசியில் செய்தி அனுப்பிக்கொண்ட பெற்றோர்களின் பிள்ளைகள்தான் அவர்கள். கதவை மட்டும் அவர்கள் மரத்தில் செய்துகொண்டார்கள்.

ஆடி மாதத்தில் ஒருநாள் ஏரிக்காற்று பலமாக அடித்தது. சரியாகச் சாத்தாத நடுக்கதவு படாரென்று திறந்துகொண்டது. மிருதுளா நாற்காலியில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். கன்னம் நனைந்திருந்தது. ஜெபின் பனியனோடு, கிட்டாரை அணைத்தபடி, கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தான். அவன் கண்ணும் சிவந்திருந்தது. நான்கடி தூரத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"மன்னிக்கணும்" என்றாள் அவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"பரவால்லைங்க" என்றான் அவன்.

எழுந்து வந்து கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான். இழுத்துப் பார்த்தான், உறுதியாக இருந்தது. திரும்பப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டான்.

"எங்க விட்டேன்?" என்றது கதவு.

"தங்கச்சி வீட்டுக்குப் போனதைச் சொல்லிட்டிருந்தீங்க."

"ஆங். கேளு" என்று மிருதுளா தொடர்ந்தாள்.